காய் ஓய்ந்த மாதங்களில் கல்லூரித் தேர்வு

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பொதுத்தேர்வின் முடிவுகள் மே மாதத்தில் வெளியாகி, கல்லூரிச் சேர்க்கை மே, ஜூன் மாதங்களில் நடந்து, முதல் பருவக் கட்டணம் பெரும்பாலும் இடம் கிடைத்த சில நாள்களுக்குள்ளேயே கட்டப்பட வேண்டியதாக இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் இருக்கும் போடிநாயக்கனூரில் ஏலக்காயை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, ஆண்டிலேயே கையில் பணம் புழங்காத மாதங்கள் இவைதாம். ஏலச்செடியில் காய் ஒரே தடவையில் முற்றுவதில்லை. ஜூலை, ஆகஸ்டு வாக்கில் தொடங்கும் காய் எடுப்பு அடுத்தடுத்த சுற்றுகளாகத் தை, மாசி வரை நீள்கிறது. ஸ்பைசஸ் போர்டு என்று ஊரார் அழைக்கும் நறுமணப் பொருள் வாரியமும் ஏலக்காய் ஆண்டை ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடிவதாகவே கணக்கிடுகிறது. தோட்டம் வைத்திருப்பவர், காயை வாங்கி விற்பவர், காய் எடுக்கப் போகும் கூலியாள், கடைகளில் ரகம் பிரிக்கும் பெண்கள் ஆகிய அனைவரின் வருமானமும் இச்சுற்றுகளை ஒட்டியே வருவதால், பங்குனி முதல் ஆனி வரையிலான காலம் சேமிப்பிலும் கடனிலும் கழிகிறது. போடியிலிருந்து வணிக மேலாண்மை இளங்கலைப் பட்டம் படிக்கச் சென்ற ஒரு தலைமுறையினர் எங்கே சேர்ந்தனர் என்பதை, அவர்கள் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டிலும், இவ்விரு நாட்காட்டிகளும் பொருந்தாமல் போனதே தீர்மானித்தது. 2001ஆம் ஆண்டின் சேர்க்கைக் கால நினைவுகளைக் கொண்டு இதனை விளக்க முயல்கிறது இக்கட்டுரை.

போடியின் பெயரோடு ஏலக்காய் பிணைந்திருந்தாலும், தோட்டங்களுள் மிகப் பல போடியில் இல்லை. அவை மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு எனப் பரந்து கிடக்கின்றன. திருவிதாங்கூர் காலத்திலிருந்தே இருந்த எல்லை 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றுவிட்டபோது உறுதிப்பட்டதனால், தோட்டம் ஒரு மாநிலத்திலும் வீடு இன்னொரு மாநிலத்திலுமாக வாழ்வது இங்கு இயல்பான நிலையாயிற்று. விடியற்காலையில் கூலியாள்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் செல்ல, உலர்த்திய காய் அதே வழியில் மூட்டைகளாக இறங்கி வந்து போடியின் கடைகளிலும் ஏலக்கூடங்களிலும் விலைபேசப்பட்டது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும் என்பதும், நிறம், பருமன், லிட்டர் எடை ஆகிய மூன்றைக் கொண்டே அதற்கு விலை விழும் என்பதும் இவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கற்றுக்கொள்ளும் செய்திகள். லிட்டர் எடை என்பது, ஒரு லிட்டர் அளவையை நிரப்பும் காயின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு. எடை கூடுதலாக நின்றால் உள்ளே விதை நிறைவாக இருக்கிறது என்று பொருள்.

இக்கட்டுரையாளரின் தந்தை இத்தகைய கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். மேல்நிலையில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வணிகக் கணிதம் ஆகிய பாடங்கள் அடங்கிய பிரிவில் படித்து, அன்றைய வழக்கப்படி 1200 மதிப்பெண்ணுக்கான தேர்வை எழுதி முடித்த மகனுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. வீட்டில் இதற்குமுன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லாததால், கேட்டறிவதற்கு அவருக்கு இருந்தது கடைவீதியே. அக்காலத்தில் கடைவீதியில் கிடைத்த அறிவுரை பெரும்பாலும் ஒரே திசையில் இருந்தது. "பையன் மேனேஜ்மென்ட் படிச்சு என்ன செய்யப் போறான், கணக்குப்பிள்ளை? ஒரு சீசன் ஏலத்துல வந்து உக்காரச் சொல்லுங்க, எல்லாம் தானா வரும்" என்று கடை முதலாளி சொன்னதை, தந்தை வீட்டில் மறுப்பேதும் கூறாமல் அப்படியே எடுத்துரைத்தார். அதில் பாதி உண்மை இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார்; அந்தப் பாதியோடு நிறைவடைய அவர் விரும்பவில்லை.

வணிக மேலாண்மை இளங்கலை என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பி.பி.ஏ. என்றும் பி.பி.எம். என்றும் பெயர் மாறி வழங்கிய மூன்றாண்டுப் படிப்பாகும். மேலாண்மைக் கோட்பாடுகள், சந்தைப்படுத்தல், மனிதவளம், நிதி, கணக்கியல், வணிகச் சட்டம் ஆகியவற்றை அகலமாகத் தொட்டுச் செல்வது அதன் இயல்பு. பி.காம். படிப்போ கணக்கியலிலும் வரியியலிலும் ஆழ்வது; பட்டயக் கணக்காளர் தேர்வை நோக்கிச் செல்வோர் பெரிதும் நாடுவது அதையே. போடியில் அன்று நிலவிய எண்ணம் வேறாக இருந்தது: பி.பி.ஏ. என்பது எம்.பி.ஏ. படிப்பின் முதற்படி என்றும், அதைப் படிக்காதவர் மேற்படிக்கு ஏற முடியாது என்றும் பலரும் நம்பினர். 1961இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பட்ட இந்திய மேலாண்மைக் கழகங்கள் முதுநிலைக் கல்விக்காகவே ஏற்படுத்தப்பட்டவை; அவற்றுக்கான பொது நுழைவுத் தேர்வை எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம்; தேர்வில் கணிதத் திறனும் மொழித் திறனும் தரவுகளைப் படிக்கும் திறனுமே சோதிக்கப்படுவதால், அவ்வகுப்புகளை நிரப்பியவர்களுள் பொறியியல் படித்தவர்களே மிகுதி. இச்செய்தியைச் சேர்க்கைக்கு முன்பே எவரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால், பி.பி.ஏ. படிப்பை அதன் சொந்தப் பயனுக்காகத் தேர்வதா, கணிதமோ பொருளியலோ படித்துவிட்டுப் பின்னர் மேலாண்மைக்குச் செல்வதா என்ற கேள்வி போடியின் வீடுகளில் எழுந்திருக்கும். அக்கேள்வி எழாமல் போனது பெரிய இழப்பு என்றே இன்றும் கருதத் தோன்றுகிறது.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற தொடரும் அன்றைய தேனி மாவட்டத்தில் ஒரு குழப்பத்தை உள்ளடக்கியிருந்தது. போடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பேருந்து, நகரத்துக்குள் நுழையும் முன்பே, தேனிச் சாலையில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்து செல்லும். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தோன்றி 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற அவ்வளாகத்தைச் சன்னல் வழியே பார்த்த மாணவர் பலர், தாம் சேரப்போவது அங்கேதான் என்று எண்ணியிருந்தனர். அவ்வளாகத்தின் துறைகள் பெரும்பாலும் முதுநிலைக் கல்வியையும் ஆய்வையும் நடத்துபவை. இளங்கலை மாணவர் படிப்பது இணைப்புக் கல்லூரிகளில். அதாவது, பாடத்திட்டம் வகுப்பதும், வினாத்தாள் அமைப்பதும், விடைத்தாள் திருத்துவதும், பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் வேலையாகவும், பாடம் நடத்துவது மட்டும் கல்லூரியின் வேலையாகவும் இருக்கும் ஏற்பாடு அது. தன்னாட்சிக் கல்லூரி என்பது இதிலிருந்து விலகியது: பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வந்தாலும், பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். 1978இல் தமிழ்நாட்டில் இம்முறை அறிமுகமானபோது மதுரை அமெரிக்கன் கல்லூரியும் சென்னை லயோலா கல்லூரியும் முதல் வரிசையில் அவ்வுரிமையைப் பெற்றன; மதுரைத் தியாகராசர் கல்லூரி 1987இல் பெற்றது. மூன்றாவது வகையான நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பட்டத்தையும் தானே வழங்குவது. கட்டணத்தை உயர்த்துவதில் அதற்கு இருந்த சுதந்திரம், சேர்க்கைக் காலத்துச் செய்தித்தாள் விளம்பரங்களின் பளபளப்புக்குப் பின்னால் மறைந்திருந்தது.

வினாத்தாளை அமைப்பவர் யார் என்ற வேறுபாடு மாணவனின் மூன்றாண்டுகளை எப்படி மாற்றும் என்பதைச் சேரும் முன்பு எவரும் விளக்கவில்லை. நான்கு மாவட்டங்களின் கல்லூரிகளுக்கு ஒரே வினாத்தாள் வரும்போது, ஆசிரியர் பாடநூலை விட்டு அகல முடிவதில்லை; போடியின் வகுப்பறையில் ஏலச்சந்தையைப் பற்றிப் பேசுவதற்கு ஆசிரியருக்கு விருப்பமிருந்தாலும், தேர்வில் கேட்கப்படாத செய்திக்கு ஒரு மணி நேரத்தைச் செலவிட அவர் தயங்குவார். தன்னாட்சிக் கல்லூரியின் ஆசிரியருக்கு இத்தயக்கம் தேவையில்லை. ஆயினும் அவ்வுரிமையைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் அவரைப் பொறுத்தது.

இவற்றைக் காட்டிலும் குடும்பங்களை அதிகம் திகைக்க வைத்தது, ஒரே கல்லூரிக்குள் இருந்த இரு பிரிவுகளே. அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கும், கட்டணம் மிகக் குறைவாக இருக்கும், 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு பின்பற்றப்படும் என்று பெற்றோர் அறிந்திருந்தனர். ஆனால் அவ்வுதவி பழைய பாடங்களான வரலாறு, பொருளியல், கணிதம், பி.காம். போன்றவற்றுக்கு உரியதாக இருக்க, காலத்தால் பிந்தி வந்த பி.பி.ஏ., கணினிப் பயன்பாட்டுடன் கூடிய பி.காம். போன்றவை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் நடத்தப்பட்டன. சுயநிதிப் பிரிவு என்பது அரசின் உதவியின்றி மாணவர் கட்டணத்தைக் கொண்டே நடப்பது. பெயர்ப்பலகை ஒன்று, வளாகம் ஒன்று, பட்டம் ஒன்று. எனினும் கட்டணம் பல மடங்காக இருந்ததுடன், சில கல்லூரிகளில் வகுப்பும் பிற்பகலுக்குத் தள்ளப்பட்டது. அங்குப் பாடம் நடத்திய இளம் ஆசிரியர்கள் குறைந்த ஊதியத்தில், நிலையான பணி இல்லாமல், அடுத்த ஆண்டு இருப்போமா என்று அறியாத நிலையில் வேலை பார்த்தனர். மேலாண்மையைக் கற்பிப்பவரின் பணிநிலையே இவ்வளவு தளர்வாக வைக்கப்பட்டிருந்தது வருந்தத்தக்கது. அவ்வாசிரியர்களுள் சிலர் காட்டிய அக்கறை, அவர்கள் பெற்ற ஊதியத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத அளவுக்கு உயர்ந்ததாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தந்தையும் மகனும் மதுரைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்கச் சென்றது, அப்போது ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் இரயிலில். 1928இல் திறக்கப்பட்ட மதுரை–போடி இருப்புப்பாதையில் தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மெதுவாகச் சென்ற அவ்வண்டியில், பலாவும் மாங்காயும் நிறைந்த கூடைகளுக்கு நடுவே, சான்றிதழ் நகல்கள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த குடும்பங்கள் அந்த மே மாதம் முழுவதும் காணப்பட்டன. பொறியியலுக்கு 1997 முதல் ஒற்றைச் சாளர முறை இருந்தது. ஒரே விண்ணப்பம், ஒரே கலந்தாய்வு. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு அத்தகைய வசதி இல்லாததால், ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கி, தனித்தனியாகப் பட்டியல் பார்த்து, ஓரிடத்தில் பணம் கட்டிய பின்னர் வேறிடத்தில் பெயர் வந்தால் முன்பு கட்டியதை இழக்கவும் துணிய வேண்டியிருந்தது. தரமதிப்பீடு என்ற சொல் அப்போதுதான் பொதுமக்களிடையே பரவத் தொடங்கியிருந்தது. 1994இல் நிறுவப்பட்ட தேசியத் தரமதிப்பீட்டுக் குழு அந்நாளில் நட்சத்திரங்களால் தரத்தைக் குறித்ததனால், கல்லூரி வாயில்களில் ஐந்து நட்சத்திரம் என்று எழுதிய பலகைகள் தொங்கின. அந்த நட்சத்திரங்கள் நிறுவனம் முழுமைக்கும் உரியவை என்பதையும், சுயநிதிப் பிரிவில் புதிதாகத் தொடங்கிய ஒரு வகுப்பைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை என்பதையும் பலகைகள் தெரிவிக்கவில்லை.

ஆனால் தந்தை பலகைகளைப் பார்த்து மயங்கவில்லை. ஏலக்கூடத்தில் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை உரித்து விதையைப் பார்த்த பிறகே விலை சொல்லும் வியாபாரியைப் போல, அவர் அலுவலக எழுத்தரிடமும் வாயிற்காவலரிடமும் மரத்தடியில் நின்ற மாணவர்களிடமும் தனித்தனியே விசாரித்தார். சென்ற ஆண்டு சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு வந்தனர், ஆசிரியர் பாதியில் மாறுகிறாரா, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதித் தேறுகிறார்களா, விடுதியில் உணவுக் கணக்கு மாதந்தோறும் பங்கிடப்படுகிறதா, கட்டணத்தில் ஒரு பகுதியைக் கார்த்திகையில் கட்டினால் ஏற்றுக்கொள்வார்களா என்பவை அவர் கேட்டவை. கார்த்திகை என்றதும் ஓர் எழுத்தர் விளங்காமல் நிமிர்ந்து பார்த்தார். காய் வரத்து மிகுந்து கையில் பணம் நிற்கும் மாதம் அது என்பதை மதுரையில் இருப்பவர் அறிய வாய்ப்பில்லை. தவணைக்கு இசைந்த கல்லூரியே இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனினும் புகழ்பெற்ற மற்றொரு கல்லூரியின் பட்டியலிலும் மகனின் பெயர் இருந்தது; அங்கு முழுத் தொகையும் ஒரே நாளில் கேட்கப்பட்டது. இம்முடிவை அன்று தோல்வியாகக் கருதி மகன் மனம் வாடினாலும், மூன்றாண்டுகளும் கட்டணத்துக்காக ஒருநாளும் வகுப்புக்கு வெளியே நிற்க நேராமல் படிக்க முடிந்தது அத்தேர்வினால்தான்.

உள்ளூரில் கல்லூரி இல்லாமல் இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஏலக்காய் விவசாயிகள் சங்கம் போடியிலேயே ஒரு கல்லூரியைத் தோற்றுவித்து, தன் பெயரையே அதற்கு வைத்தது; சி.பி.ஏ. கல்லூரி என்பது அப்பெயரின் ஆங்கிலச் சுருக்கம். ஒரு விளைபொருளைப் பயிரிடுவோர் கூடி, தம் பிள்ளைகளும் தம் தோட்டத்தில் வேலை செய்வோரின் பிள்ளைகளும் படிப்பதற்கு மலையடிவாரத்தில் கலைக்கல்லூரி அமைத்தது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் உரிய இடம் பெற வேண்டிய செயல். எனினும் 2001இல் போடிக் கடைவீதியின் பார்வையில், உள்ளூர்க் கல்லூரி என்பது மதுரையில் இடம் கிடைக்காதவர் சேரும் இடமாகவே இருந்தது. அதே ஊரின் சந்தை நாட்டின் ஏலக்காய் விலையைத் தீர்மானிக்கும் இடங்களுள் ஒன்று என்பதும், மேலாண்மை படிக்கும் மாணவன் காலையில் வகுப்பிலும் மாலையில் ஏலக்கடையிலும் இருக்க முடியும் என்பதும் எவருடைய கணக்கிலும் சேரவில்லை.

அவ்வாறு சேர்த்துக்கொண்டவர் ஒருவர் இக்கட்டுரையாளரோடு பள்ளியில் படித்த பெண். வெளியூரில் விடுதியில் விட வீட்டார் ஒப்பாததால் உள்ளூரிலேயே பட்டம் படிக்க நேர்ந்த அவர், அத்தையோடு சேர்ந்து கடையில் காய் ரகம் பிரித்து வந்த பழக்கத்தினால் 8 மில்லிமீட்டர் காய்க்கும் அதற்குக் குறைந்த காய்க்கும் உள்ள விலை வேறுபாட்டைக் கண்ணாலேயே அறிந்தவர். பாடத்தில் தரப்படுத்துதல் என்ற தலைப்பு வந்தபோது, நூலில் இருந்த நான்கு வரிகளுக்குப் பதிலாகத் தேர்வுத்தாளில் நான்கு பக்கம் எழுதியதாகக் கூறுவார். படிப்பு முடிந்ததும் வெளிமாநில விற்பனைக்குரிய சி பாரம் முதலிய வரி ஆவணங்களைப் பல கடைகளுக்குத் தயாரித்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கிய அவர், 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்து பழைய படிவங்கள் அனைத்தும் மறைந்தபோதும் தொழிலை இழக்காமல், புதிய முறையைக் கடைக்காரர்களுக்குக் கற்பிப்பவராக வளர்ந்தார். இத்தகைய வளர்ச்சியைக் கல்லூரியின் தரவரிசை எதுவும் முன்கூட்டிக் காட்டியிருக்க முடியாது.

மலைச்சரிவில் வாழ்ந்த கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளின் நிலை இதனினும் கடினமானது. இடுக்கிப் பகுதியில் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குக் கீழே இறங்கி வந்த மாணவர், தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு பெறுவதற்குத் தம் குடும்பம் இம்மாநிலத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் பிறப்பிடச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் சேர்க்கைக்குள் பெற்றாக வேண்டும். இரண்டு தலைமுறையாக மலையிலேயே வாழ்ந்த குடும்பத்துக்குக் கீழே வீட்டுவரி ரசீதும் இருக்காது, குடும்ப அட்டையும் இருக்காது. மேலேயோ, அவர்கள் தமிழர் என்பதனால் வேறு வகையான கேள்விகள் எழும். இவ்வாறு அலைந்ததில் சேர்க்கை நாள் கடந்துவிட, ஓராண்டு காய் எடுக்கப் போய்விட்டு மறு ஆண்டு வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் இக்கட்டுரையாளரின் விடுதியில் இருந்தான். வகுப்பில் ஊதிய முறைகள் பற்றிய பாடம் நடந்தபோது, நாள்கூலிக்கும் எடைக்கூலிக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியரே அவனிடம் கேட்டுத் தெளிந்தது அவ்வகுப்பின் மிகச் சிறந்த நேரமாக நினைவில் நிற்கிறது. வசதியும் சான்றிதழும் இல்லாத இத்தகைய மாணவர்களுக்கே பெருநகரத்தின் விடுதியும் நூலகமும் தன்னாட்சிக் கல்லூரியின் விரிந்த பாடத்திட்டமும் மிகுதியாகப் பயன்பட்டன என்பதும், அவர்களுக்கே அவை மிகுந்த இடையூறுகளுடன் கிடைத்தன என்பதும் ஒருசேர உண்மை.

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த கல்விக் கடன் திட்டம் அதே 2001ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. 4 இலட்சம் ரூபாய் வரை பிணையம் தேவையில்லை என்று அதன் விதி கூறிய போதிலும், அந்த முதல் ஆண்டுகளில் வங்கிக் கிளைகளில் அவ்விதி மதிக்கப்பட்டது அரிது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் முதலிடம் தரப்பட்டு, கலைக்கல்லூரியின் மேலாண்மைப் படிப்புக்குக் கடன் கேட்டவர்களிடம் நிலப்பத்திரம் கேட்கப்பட்டது. இதனால் பெரும்பாலான குடும்பங்கள் பழைய வழிக்கே திரும்பின: வரும் பருவத்துக் காயைக் காட்டிக் கடை முதலாளியிடம் முன்பணம் வாங்குவதும், அக்காயை அவரிடமே கொடுப்பதாக ஒப்புக்கொள்வதுமான வழி அது. விலை ஏறினால் அதன் பயன் விளைவித்தவரைச் சேராமல் போகும் இந்த ஏற்பாட்டின் சுமையை, மகனின் கல்லூரிக் கட்டணம் என்ற பெயரில் தோட்டக்காரர்கள் பலர் ஏற்றுக்கொண்டனர்.

வகுப்பறையில் கற்றவை பயனற்றவை என்று சொல்வது நேர்மையாகாது. ஹென்றி ஃபயோல் 1916இல் வெளியிட்ட 14 மேலாண்மைக் கொள்கைகளையும், ஃபிரெடரிக் டெய்லரின் அறிவியல்முறை மேலாண்மையையும் மனப்பாடம் செய்த காலத்தில் அவை வறட்டு வரிகளாகத் தோன்றினும், விடுமுறையில் ஊருக்கு வந்து ஒரு கடையின் வேலைப் பகிர்வைப் பார்த்தபோது அவ்வரிகளுக்குப் பொருள் பிறந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. போட்டி என்னும் தலைப்புக்குப் பாடநூல் காட்டிய எடுத்துக்காட்டுகள் அமெரிக்கக் குளிர்பான நிறுவனங்களைப் பற்றியவை. போடியின் வாழ்வையே மாற்றிய போட்டியோ குவாத்தமாலாவிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கொண்டு செல்லப்பட்ட ஏலச்செடி, உள்நாட்டில் ஏலக்காய்ப் பயன்பாடே இல்லாத அந்நாட்டில் ஏற்றுமதிக்காகவே வளர்க்கப்பட்டு, 1980களில் அரபு நாடுகளின் சந்தையில் இந்தியாவை முந்தியது. அதன் பின்னர் இந்திய ஏலக்காய் உள்நாட்டுச் சந்தையையே பெரிதும் சார்ந்தது. ஒரு நாடு தன் முதன்மைச் சந்தையை எவ்வாறு இழந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இருக்க முடியாது. 2007இல் வாய்மொழி ஏலம் மறைந்து கணினிவழி மின்னணு ஏலம் வந்தபோதும், விலை எவ்வாறு உருவாகிறது என்பதைக் காட்டும் ஆய்வுக்கூடம் ஊரின் நடுவிலேயே திறந்திருந்தது. இவ்விரண்டையும் பாடமாக்கிய வகுப்பு ஒன்றேனும் அன்றைய இளங்கலை மாணவர்களுக்குக் கிடைத்திருந்தால், எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கான விடையே வேறாக இருந்திருக்கும்.

விலைக்கும் கல்லூரித் தேர்வுக்கும் உள்ள உறவு மிகக் கூர்மையாக வெளிப்பட்டது 2019இல். முந்தைய ஆண்டின் பெருவெள்ளமும் அதைத் தொடர்ந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்துவிட, அவ்வாண்டு ஆகஸ்டில் இடுக்கி மாவட்டப் புற்றடியில் நடந்த ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை விலைபோயிற்று. எஞ்சிய காயை வைத்திருந்தவர்கள் கையில் அதுவரை காணாத பணம் வந்தது. அடுத்த சேர்க்கையின்போது, பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள அதிகக் கட்டண நிறுவனங்களில் பிள்ளைகளைச் சேர்க்கும் துணிவு போடியில் பிறந்தது. ஆனால் மூன்றாண்டுப் படிப்பின் கட்டணம் ஆண்டுதோறும் ஏறுவது. ஏலக்காய் விலையோ 2022 வாக்கில் ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கிவிட்டது. ஒரு பருவத்தின் உச்சவிலையை மூன்றாண்டுக்கும் நிலையானதெனக் கருதியதால், இறுதியாண்டில் தோட்டத்தை ஒத்திக்கு வைத்த குடும்பங்கள் இவ்வூரில் உள்ளன. இது அறியாமையால் நேர்ந்ததன்று. பிள்ளைக்கு நல்லது கிடைக்க வேண்டும் என்ற தவிப்பினால் நேர்ந்தது. அத்தவிப்பை விலையாக்கும் நிறுவனங்களே இதில் கண்டிக்கப்பட வேண்டியவை.

இன்றைய மாணவருக்கு வழிகள் பெருகியுள்ளன. இந்தூர் இந்திய மேலாண்மைக் கழகம் 2011இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும், அதைப் பின்பற்றி ரோத்தக் கழகம் 2019இல் தொடங்கிய படிப்பும் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே நேரடியாக நுழைய இடமளிக்கின்றன. 2024-25ஆம் கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. நடத்தும் கல்லூரிகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற விதி வந்துள்ளது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நின்றுபோன இரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பி வந்ததனால், சென்னைக்கும் நேர்வண்டி உண்டு. 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையில் மேலாண்மைப் பிரிவு பெரும்பாலும் முதுநிலைக் கல்வி நடத்தும் நிறுவனங்களைப் பற்றியது என்பதை மட்டும், அப்பட்டியலைக் கைப்பேசியில் காட்டிக் கேட்கும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே மாதந்தோறும் போடியில் இக்கட்டுரையாளரைத் தேடிவரும் குடும்பங்களிடம் முதலில் கேட்கப்படுவது, பிள்ளையின் மதிப்பெண்ணோ விருப்பமான நகரமோ அன்று. வீட்டுக்குப் பணம் எந்த மாதத்தில் வருகிறது என்பதே. அதன்பின் கல்லூரிகளின் கட்டண அட்டவணையை எடுத்து, பி.பி.ஏ. அங்கு அரசு உதவிப் பிரிவிலா சுயநிதிப் பிரிவிலா, ஆண்டுக் கட்டணமா பருவக் கட்டணமா, இரண்டாம் பருவத் தொகை டிசம்பருக்கு முன்பா பின்பா, தேர்வை நடத்துவது கல்லூரியா பல்கலைக்கழகமா, மூன்றாம் ஆண்டில் கட்டணம் எவ்வளவு ஏறியது என்பவை ஒவ்வொன்றாகப் பார்க்கப்படுகின்றன. இவற்றுள் இரண்டாம் பருவத் தொகையைப் பற்றிய கேள்விக்கு எழுத்தில் விடை தர மறுக்கும் நிறுவனத்தை, எத்தனை புகழ்பெற்றதாயினும், பட்டியலின் கடைசிக்குத் தள்ளும்படியே அக்குடும்பங்களுக்குச் சொல்லப்படுகிறது.